நடுத்தர மின்னழுத்த ஃபீடர் கேபிளுக்கு ஓவர் கரண்ட் ரிலே மட்டும் போதுமா?

மார்ச் 4 – கேள்வி

11 கிலோவோல்ட் பலகையிலிருந்து 2 எம்.வி.ஏ. மின்மாற்றிக்கு 240 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் அலுமினிய எக்ஸ்.எல்.பி.ஈ. (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் காப்பு) கேபிள் போட்டிருக்கிறோம். பலகையில் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 25 கிலோ ஆம்பியர். நியூட்ரல், ரெசிஸ்டர் வழியாக 400 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. புதைக்கும் நிலைமைகளைக் கணக்கில் எடுத்தால் கேபிள் சுமார் 300 ஆம்பியர் தாங்கும். 51-இன், அதாவது நேரம் எண்ணித் துண்டிக்கும் ஓவர் கரண்ட் ரிலேயின், செட்டிங்கை 300-க்குக் கீழே வைத்துவிட்டால் கேபிள் பாதுகாக்கப்பட்டுவிட்டது, எர்த் ஃபால்ட் (ஃபேஸிலிருந்து எர்த்துக்குப் பாயும் பழுது) ரிலே கூடுதல் வசதிதான் என்று என் மேலதிகாரி சொல்கிறார். இது சரியா?

மார்ச் 4, இரவு

சரியில்லை. 51 செட்டிங் கேபிளின் சுமை வரம்பை மட்டும்தான் காக்கிறது. அதுவும் உங்கள் ஃபீடரில் அநேகமாக ஒருநாளும் நேராத ஆபத்து. 2 எம்.வி.ஏ. மின்மாற்றி 11 கிலோவோல்ட்டில் எடுப்பது 105 ஆம்பியர். 300 ஆம்பியர் தாங்கும் கேபிளில் 105 ஆம்பியர் ஓடும்போது மிகைச்சுமை எங்கிருந்து வரும்? மின்மாற்றியே முதலில் சூடேறிக் கூச்சலிடும். அப்படியிருந்தும் வடிவமைத்தவர் 240 சதுர மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுமை அல்ல, அந்த 25 கிலோ ஆம்பியர்.

குறுக்குச்சுற்று நேரத்தில் வெப்பம் கடத்தியை விட்டு வெளியேற அவகாசம் கிடையாது என்று கொண்டு, மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது, கே என்ற மாறிலியின் வர்க்கத்தைக் குறுக்குப்பரப்பின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதைத் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. எக்ஸ்.எல்.பி.ஈ. காப்பில் 90 பாகையிலிருந்து 250 பாகை செல்சியஸ் வரை உயர அனுமதித்தால் அலுமினியத்துக்கு கே 94, செம்புக்கு 143. ஆகவே உங்கள் கேபிள் ஒரு வினாடிக்கு 94 × 240, அதாவது 22,560 ஆம்பியர் தாங்கும். 25,000 ஆம்பியருக்கு அது 0.81 வினாடி தாங்கும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த 0.81 வினாடிக்குள் பழுதை யார் நீக்குவார்கள் என்பது. ரிலேயின் உடனடி அலகு (50) 30 முதல் 40 மில்லிவினாடியில் முடிவெடுக்கும். வாக்யூம் பிரேக்கர் இன்னும் 60 மில்லிவினாடியில் துண்டிக்கும். மொத்தம் 0.1 வினாடி. தாராளமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நாளுக்கானது. பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் காயில் எரிந்திருந்தாலோ, பிரேக்கரின் இயங்குமுறை இறுகியிருந்தாலோ, பழுதை நீக்க வேண்டியவர் இன்கமர், அதாவது பலகைக்கே மின்சாரம் கொண்டுவரும் பிரேக்கர். ஃபீடர் பிரேக்கர் திறக்கவில்லை என்று கண்டு இன்கமரைத் திறக்கச் சொல்லும் பிரேக்கர் ஃபெயிலியர் தர்க்கம் இருந்தால் சுமார் 0.3 வினாடியில் அது நடக்கும். இல்லாவிட்டால் இன்கமரின் 51 படிப்படியாக ஒருங்கிணைக்கப்பட்ட நேரத்தில்தான் நடக்கும். இன்கமர் ஒரு வினாடியில் நிற்கிறது என்றால் உங்கள் 240 கூட அந்த நாளில் கருகும்.

நான் கேபிள் அளவை எப்போதும் பேக்கப் நேரத்துக்குத்தான், அதாவது இன்கமர் பழுதை நீக்கும் நேரத்துக்குத்தான், சரிபார்ப்பேன். பலர் முதன்மைப் பாதுகாப்பின் நேரத்துக்குச் சரிபார்த்து 120 சதுர மில்லிமீட்டர் போதும் என்கிறார்கள். அதே 25 கிலோ ஆம்பியருக்கு 120 தாங்குவது 0.2 வினாடி மட்டுமே. பிரேக்கர் ஒருமுறை திறக்கத் தவறினால் கேபிள் முழு நீளத்துக்கும் போய்விடும். மிச்சப்படுத்திய அலுமினியம் அந்த இழப்புக்கு ஈடாகாது.

மார்ச் 5

பி.வி.சி. கேபிள் என்றால் இதே கணக்கு நடக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்கும், மாறிலி மட்டும் வேறு. 70-லிருந்து 160 பாகை வரை என்று கொண்டால் அலுமினியத்துக்கு 76. அதே 240-க்கு 25 கிலோ ஆம்பியரில் 0.53 வினாடிதான் கிடைக்கும். பழைய பி.வி.சி. கேபிள் இருக்கும் பலகையில் ஆதாரத்தின் குறுக்குச்சுற்றுத் திறனை உயர்த்தும்போது இந்த எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

மார்ச் 6

“கேபிளுக்குள் நேரும் பெரிய பழுது ஃபேஸ்களுக்கு இடையில்தான், எர்த் ஃபால்ட் சிறியது, அதனால்தான் அது துணைப் பாதுகாப்பு” என்று வந்த மறுமொழியை விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது, கேபிளின் கட்டமைப்பே அதை மறுக்கிறது.

நடுத்தர மின்னழுத்தக் கேபிளை வெட்டிப் பாருங்கள். கடத்தி, அதன்மேல் அரைக்கடத்தி அடுக்கு, பிறகு எக்ஸ்.எல்.பி.ஈ., மறுபடியும் அரைக்கடத்தி அடுக்கு, அதன்மேல் செம்பு நாடாவோ செம்புக் கம்பிகளோ ஆன ஸ்கிரீன். மூன்று கோர் கேபிளில் ஒவ்வொரு கோருக்கும் இந்த ஸ்கிரீன் தனித்தனியாக இருக்கிறது, அது எர்த் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு கோரின் காப்பு தோற்றால், பழுது முதலில் சந்திப்பது அண்டை ஃபேஸை அல்ல, தன் சொந்த ஸ்கிரீனைத்தான். ஆகையால் இந்தக் கேபிளின் உடலில் தொடங்கும் காப்புப் பழுது தன் முதல் கணத்தில் எர்த் ஃபால்ட்டாகவே பிறக்கிறது. மண்வெட்டி இயந்திரம் மூன்று கோரையும் ஒருசேர அறுத்தால் தவிர, ஃபேஸ்களுக்கு இடையிலான பழுது அதன் இரண்டாம் கட்டம். வில் எரிந்து அடுத்த கோரின் ஸ்கிரீனையும் காப்பையும் தின்ற பிறகு வருவது அது. முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் வெட்டி ஒட்டும் ஒரு ஜாயிண்ட்டோடு போகும். விட்டுவிட்டால் தட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் கேபிள்களும் சேர்ந்து போகும்.

உங்கள் அமைப்பில் நியூட்ரல் ரெசிஸ்டர் 400 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்துகிறது. எர்த் ஃபால்ட்டில் ஃபேஸில் கூடுவது அதிகபட்சம் அவ்வளவுதான். 105 ஆம்பியர் சுமைக்கு மேல் 400 ஆம்பியர் வந்தால், 300-இல் வைத்த 51 மெதுவாக எழுந்து பல வினாடிகள் எண்ணிக்கொண்டிருக்கும். ரெசிஸ்டர் வழக்கமாக 10 வினாடிக்கு மதிப்பிடப்பட்டது. பழுதில் சிறிது மின்தடை சேர்ந்து மின்னோட்டம் 150 ஆம்பியராகக் குறைந்தால் 51 எழவே எழாது. ஆகவே இந்தக் கேபிளை உண்மையில் காப்பது எர்த் ஃபால்ட் ரிலேதான். ஓவர் கரண்ட்தான் துணை. உங்கள் மேலதிகாரியிடம் வரிசையைத் திருப்பிச் சொல்லுங்கள்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஒரு வரம்பு உண்டு. ஸ்கிரீன் இல்லாத, பெல்ட் வகைப் பழைய காகிதக் காப்புக் கேபிள்களில் ஃபேஸ்களுக்கு இடையில் நேரடியாகவே பழுது தொடங்க முடியும். கேபிளின் முனை இணையும் டெர்மினேஷன் பெட்டிக்குள்ளும் கோர்கள் ஸ்கிரீனை விட்டு வெளியே வந்துவிடுவதால் அங்கும் அது நேரும். எலி, தூசி, ஈரம் மூன்றும் அந்தப் பெட்டிக்குள்தான் வேலை செய்கின்றன.

மார்ச் 8

இப்போது ஸ்கிரீனின் தாங்குதிறன். கடத்திக்கு அவ்வளவு கணக்குப் போடும் நாம் ஸ்கிரீனுக்குப் போடுவதில்லை. செம்பு நாடா ஸ்கிரீனின் தடிமன் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர். நாடா சுற்றுச்சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். புதிதாக இருக்கும்போது சுற்றிலிருந்து சுற்றுக்கு மின்னோட்டம் குறுக்கே பாயும். காலப்போக்கில் அந்த ஒட்டுமிடங்களில் செம்பு களிம்பேறினால், மின்னோட்டம் நாடாவின் நீளம் முழுவதும் சுருளாகச் சுற்றி வர வேண்டியதாகிவிடும், தடை பல மடங்கு உயரும். கம்பி ஸ்கிரீனில் 16 சதுர மில்லிமீட்டர் என்றால், கடத்திக்குரிய அதே 143-ஐப் போட்டாலும், ஒரு வினாடிக்குச் சுமார் 2,300 ஆம்பியர்.

400 ஆம்பியர் ரெசிஸ்டர் உள்ள இடத்தில் இது கவலையில்லை. நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்ட அமைப்பில் எர்த் ஃபால்ட்டும் பல கிலோ ஆம்பியரைத் தொடும், அங்கே ஸ்கிரீனும் ஆர்மரும் (கேபிளின் உலோகக் கவசம்) சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கேபிளை ஏற்கக் கூடாது. ரெசிஸ்டர் அமைப்பிலும் ஒரு சூழ்நிலையில் ஸ்கிரீன் மாட்டிக்கொள்ளும். ஒரு ஃபீடரில் ஒரு ஃபேஸ் எர்த் ஆகியிருக்கும்போது மற்ற இரண்டு ஃபேஸ்களின் மின்னழுத்தம் எர்த்தைப் பொறுத்து முழு லைன் மின்னழுத்தத்துக்கு ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் வேறொரு ஃபீடரில் வேறொரு ஃபேஸ் தோற்றால், இரண்டு இடங்களுக்கும் இடையே ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை. இரு ஃபேஸ் குறுக்குச்சுற்று மின்னோட்டம் இரண்டு கேபிள்களின் ஸ்கிரீன் வழியாகவே பாயும். முதல் எர்த் ஃபால்ட்டை அலாரம் மட்டும் கொடுத்து நெடுநேரம் ஓட விடும் ஆலைகளில் இதுதான் நடக்கிறது.

மார்ச் 8, பின்குறிப்பு

அதே காரணத்தால்தான் கேபிளின் மின்னழுத்த வகையையும் எர்த் ஃபால்ட் நீக்கும் நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை 60502-இன் இரண்டாம் பாகம் அமைப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. எர்த் ஃபால்ட் ஒரு நிமிடத்துக்குள் நீக்கப்படுவது ஏ வகை. பி வகை பழுதோடு குறுகிய காலம் ஓடும் அமைப்பு. அந்தக் காலம் பொதுவாக ஒரு மணி நேரம், விதிவிலக்காக 8 மணி நேரம் வரை போகலாம், ஆண்டுக்கு மொத்தம் 125 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மற்ற எல்லாம் சி வகை. 6.35/11 கிலோவோல்ட் (கோர்–எர்த் 6.35, ஃபேஸ்களுக்கு இடையே 11) கேபிளைப் போட்டுவிட்டு, உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காக எர்த் ஃபால்ட்டோடு நாள் முழுவதும் ஓட்டுவது, அந்தக் காப்பை அதற்குச் சொல்லாத வேலையைச் செய்ய வைப்பது.

மார்ச் 11

எர்த் ஃபால்ட் ரிலே முக்கியம் என்று சொன்னதும், “எங்களிடம் கோர் பேலன்ஸ் சி.டி. இருக்கிறது, அது போதும்” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று கோரையும் ஒரே துளைக்குள் விட்டு அவற்றின் மின்னோட்டக் கூட்டுத்தொகையை அளக்கும் அந்த மின்னோட்ட மாற்றி, அதாவது சி.டி., இருப்பது போதாது. ஸ்கிரீனின் எர்த் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தீர்களா?

நான் பார்த்த ஓர் ஆலையில் 6.6 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்றில் ஜாயிண்ட் தோற்றது. ஃபீடரின் 50ஜி (கோர் பேலன்ஸ் சி.டி.யோடு இணைந்த உடனடி எர்த் ஃபால்ட் ரிலே) அசையவில்லை. நியூட்ரலில் இருந்த, நேரம் எண்ணும் எர்த் ஃபால்ட் ரிலேயான 51ஜி இன்கமரைத் தட்டியது, பாதி ஆலை இருண்டது. ரிலேயைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. சி.டி.யையும் சோதித்தார்கள், அதுவும் சரி. கேபிள் அறையின் பின் கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தபோது விடை கண்முன்னே தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் கீழிருந்து ஏறி சி.டி.யின் துளைக்குள் புகுந்து மேலே டெர்மினேஷனுக்குப் போகிறது. மூன்று கோரின் ஸ்கிரீன்களும் சி.டி.க்கு மேலே உரிக்கப்பட்டு, பின்னிய செம்புப் பட்டையாகச் சேர்க்கப்பட்டு, பக்கவாட்டில் எர்த் பட்டைக்குப் போயிருக்கின்றன. பார்வைக்கு அவ்வளவு அழகான வேலை.

மின்னோட்டத்தின் பாதையை இப்போது விரலால் தொடருங்கள். பழுது மின்னோட்டம் கோர் வழியாக சி.டி.யைக் கடந்து கீழே இறங்குகிறது. பழுதான இடத்தில் ஸ்கிரீனுக்குத் தாவி, அதே ஸ்கிரீன் வழியாக சி.டி.யைக் கடந்து மேலே ஏறி எர்த் பட்டைக்குப் போகிறது. இறங்கியதும் ஏறியதும் சமம். சி.டி. பார்ப்பது பூஜ்யம். ஸ்கிரீன் பட்டையை மறுபடியும் சி.டி.க்குள் கீழ்நோக்கி விட்டு, அதன் பிறகு எர்த் செய்தால் ஏறிய மின்னோட்டம் மீண்டும் இறங்குவதால் ஸ்கிரீனின் பங்கு நீங்கிவிடும், கோரின் மின்னோட்டம் மட்டும் மிஞ்சும்.

சி.டி., கேபிள் பேனலுக்குள் நுழையும் கிளாண்ட் தட்டுக்குக் கீழே இருந்தால் ஆர்மரும் அதற்குள் போகிறது. அப்போது கிளாண்ட்டைத் தட்டிலிருந்து காப்பிட்டு, அதன் எர்த் கம்பியையும் சி.டி. வழியாகத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். ஸ்கிரீன் சி.டி.க்குக் கீழேயே முடிந்து வெறும் கோர்கள் மட்டும் அதற்குள் போனால், எர்த் கம்பி சி.டி.க்குள் போகவே கூடாது. எல்லா பேனலிலும் கம்பியை உள்ளே விடு என்று ஒரே விதியாகச் சொல்லிவிட்டால் இந்த மூன்றாவது நிலையில் அதே குருட்டுத்தனம் மறுபுறமிருந்து வந்து சேரும்.

மார்ச் 12

“எங்கள் ஃபீடரிலும் கம்பி நீங்கள் தவறு என்று சொன்ன வழியில்தான் போகிறது, ஆனால் போன முறை 50ஜி வேலை செய்ததே” என்ற கேள்வி நியாயமானது. நேற்று எழுதியதில் பழுது மின்னோட்டம் முழுவதும் ஸ்கிரீன் வழியாகவே இப்பக்கம் திரும்புகிறது என்று கொண்டேன். ஸ்கிரீன் மறுமுனையிலும் எர்த் செய்யப்பட்டிருந்தால் ஒரு பங்கு அந்தப் பக்கம் போய், ஆலையின் எர்த் வலை வழியாகத் திரும்பிவிடும். அந்தப் பங்கை சி.டி. பார்க்கும். பழுது மறுமுனைக்கு அருகில் இருந்தால் அந்தப் பங்கு பெரிது, இம்முனைக்கு அருகில் இருந்தால் மிகச் சிறிது. ஆகவே உங்கள் ரிலே பார்வையற்றது அல்ல, அரைப்பார்வை உடையது. பழுது எந்த மீட்டரில் நேர்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்யும் பாதுகாப்பை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. கம்பியை மாற்றுங்கள்.

மார்ச் 12, மாலை

சோதனை பற்றி ஒன்று விடுபட்டுவிட்டது. இயக்கத்துக்கு விடும்போது வழக்கமாகச் செய்வது, சி.டி.யின் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு மின்னோட்டம் செலுத்தி ரிலே எழுகிறதா என்று பார்ப்பது. அது சி.டி.யையும் ரிலேயையும் மட்டுமே சோதிக்கிறது. ஸ்கிரீன் கம்பியின் பாதையைத் தொடுவதே இல்லை. மறுமுனையில் ஒரு கோரை அதன் ஸ்கிரீனோடு இணைத்து, அங்குள்ள எர்த்தைக் கழற்றிவிட்டு, இம்முனையில் அந்தக் கோருக்கும் எர்த் பட்டைக்கும் இடையே மின்னோட்டம் செலுத்துங்கள். ரிலேயின் திரையில் செலுத்திய அளவு முழுவதும் தெரிந்தால் கம்பி சரி. பூஜ்யம் தெரிந்தால் தவறு. பெட்டியை மூடுவதற்கு முன் இதைச் செய்தால் சிறிய வேலை, மூடிய பிறகு யாரும் செய்வதில்லை.

மார்ச் 15

50ஜி-யை எவ்வளவு குறைவாக வைக்கலாம் என்று கேட்டவருக்கு: கீழ்வரம்பை நிர்ணயிப்பது உங்கள் கேபிளின் நீளம். கேபிள் ஒரு மின்தேக்கி. கோருக்கும் ஸ்கிரீனுக்கும் இடையில் ஒரு கிலோமீட்டருக்கு 0.38 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 11 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஒரு ஃபேஸுக்கு 0.76 ஆம்பியர் சார்ஜிங் மின்னோட்டம். வேறொரு ஃபீடரில் எர்த் ஃபால்ட் வந்ததும் பழுதில்லாத உங்கள் ஃபீடர் அதன் மூன்று மடங்கை, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 2.3 ஆம்பியரை, தன் சி.டி. வழியாகப் பலகையை நோக்கி அனுப்பும். நாலு கிலோமீட்டர் கேபிளில் அது 9 ஆம்பியர். 50ஜி-யை 5 ஆம்பியரில் வைத்தவருக்கு, பக்கத்து வீட்டுப் பழுதுக்குத் தன் வீட்டு விளக்கு அணையும். 400 ஆம்பியர் அமைப்பில் 20 முதல் 40 ஆம்பியர் வரை வைத்தால் இந்தச் சிக்கல் வராது, ரெசிஸ்டர் அளவில் பத்தில் ஒரு பங்குப் பழுதையும் பிடித்துவிடலாம்.

உயர் தடை நியூட்ரலை விரும்புகிறவர்கள் இதே எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆலையில் எல்லா ஃபீடர்களும் சேர்ந்து 15 கிலோமீட்டர் என்றால் மொத்தச் சார்ஜிங் மின்னோட்டம் 34 ஆம்பியர். நியூட்ரலில் 10 ஆம்பியர் மட்டும் விட்டால், விட்டுவிட்டு எரியும் வில் உண்டாக்கும் மிகைமின்னழுத்தத்தை அந்த ரெசிஸ்டரால் அடக்க முடியாது. ரெசிஸ்டர் மின்னோட்டம் சார்ஜிங் மின்னோட்டத்துக்குக் குறையக் கூடாது என்பது நெடுநாளைய விதி. அங்கே எந்த ஃபீடர் என்று கண்டுபிடிக்கவும் திசையறியும் எர்த் ஃபால்ட் ரிலேயான 67என் தேவைப்படும்.

மார்ச் 16

மூன்று ஃபேஸ் சி.டி.க்களைக் கூட்டிப் பெறும் எர்த் ஃபால்ட் அலகான 51என் இருக்கும்போது கோர் பேலன்ஸ் எதற்கு என்கிறார்கள். மின்மாற்றியைச் சார்ஜ் செய்யும்போது, அதாவது அதற்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில், பாயும் மின்னோட்டத்தில் நேர்மின்னோட்டக் கூறு (டி.சி.) பெரியது. மூன்று சி.டி.க்களின் இரும்புக் கருவும் ஒரே அளவில் காந்தத்தால் தெவிட்டுவதில்லை, கூட்டினால் இல்லாத எர்த் மின்னோட்டம் தெரியும். அதைத் தவிர்க்க செட்டிங்கையோ நேரத்தையோ உயர்த்த வேண்டிவரும். கோர் பேலன்ஸில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

மார்ச் 19

உடனடி 50-க்கு வருவோம், கேள்வி கேட்டவர் மறுபடியும் கேட்டிருக்கிறார். மின்மாற்றியின் மின்மறிப்பு 6 சதவீதம் என்றால் அதன் தாழ் மின்னழுத்தப் பக்கப் பழுது 11 கிலோவோல்ட் பக்கத்தில் 105-ஐ 0.06-ஆல் வகுத்த 1,750 ஆம்பியர். அதற்கு இந்த ரிலே உடனடியாக எழக் கூடாது, கீழே உள்ள பிரேக்கருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். 1.3 மடங்கு வைத்தால் 2,275, அதாவது 2,300 ஆம்பியர். சார்ஜ் செய்யும்போது பாயும் 10, 12 மடங்கும் இதற்குக் கீழே அடங்கிவிடுகிறது. பலகைக்கும் மின்மாற்றிக்கும் இடையில் கேபிளில் நேரும் ஃபேஸ் பழுது இதைப்போல் பல மடங்கு இருக்கும். நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் மின்மாற்றி ஃபீடரில் 50 நேர அவகாசமின்றி வேலை செய்ய முடிகிறது. ஃபீடர் இன்னொரு பலகைக்குப் போகிறது என்றால் இந்த இடைவெளி மறைந்துவிடும், அது வேறு கதை.

சி.டி. விகிதத்தையும் பாருங்கள். சுமை 105 என்பதற்காக 150/1 சி.டி. வாங்கியிருந்தால், 25 கிலோ ஆம்பியர் அதற்கு 167 மடங்கு. 5பி20 (மதிப்பிட்ட அளவின் 20 மடங்கு வரை 5 சதவீதப் பிழைக்குள் காட்டுவது) என்று எழுதிய சி.டி. முதல் அரைச்சுற்றிலேயே தெவிட்டி, ரிலேக்கு ஊசிபோன்ற துண்டுகளையே அனுப்பும். அடிப்படை அலைவெண்ணை வடிகட்டிப் பார்க்கும் எண்ம ரிலே அந்தத் துண்டுகளைச் சிறிய மின்னோட்டமாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இன்றைய ரிலேக்களில் மிகக் குறைந்த செட்டிங்கும் வைக்க முடிவதால், 400/1 வாங்கி செட்டிங்கைக் குறைப்பதே நல்லது. சுமைக்கு ஒட்டிய விகிதம் என்பது மின்காந்த ரிலேக்களின் காலத்து வழக்கம்.

மார்ச் 23

ஒரே பிரேக்கரில் இரண்டு கேபிள்கள் இணையாகப் போகும் ஃபீடர் பற்றிக் கேட்டவருக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்குதான் கணக்குகள் சத்தமில்லாமல் பொய்யாகின்றன.

இரண்டு கேபிள்கள் தலா 300 ஆம்பியர் என்று 51-ஐ 600-இல் வைக்கிறார்கள். ஒன்றின் முனையிலுள்ள லக் தளர்ந்து இணைப்பு விட்டுப்போனால் மற்றது தன் அளவின் இருமடங்கைச் சுமக்கும், ரிலேக்கு எதுவும் தெரியாது. ஒற்றைக் கோர் கேபிள்களை ஃபேஸ் வரிசை பார்க்காமல் அடுக்கினால், எதுவும் விட்டுப்போகாமலே மின்னோட்டம் சமமாகப் பிரியாது.

குறுக்குச்சுற்றுக் கணக்கிலும் “இரண்டு கேபிள், ஆகவே இரண்டு மடங்கு தாங்கும்” என்பது கேபிளுக்கு வெளியே உள்ள பழுதுக்கு மட்டும் பொருந்தும். ஒரு கேபிளின் தொடக்கத்திலேயே பழுது வந்தால் கிட்டத்தட்ட முழு மின்னோட்டமும் அந்த ஒன்றின் சில மீட்டர்கள் வழியாகவே போகும். ஒரு சிறு பங்கு மற்ற கேபிள் வழியாக மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்து பழுதை ஊட்டும். ஆகவே ஒற்றைக் கேபிள் முழு மின்னோட்டத்தையும் பேக்கப் நேரம் வரை தாங்க வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் தனிக் கோர் பேலன்ஸ் சி.டி. வைத்தால் எது பழுதானது என்றும் தெரியும். பழுதற்ற கேபிளைத் தோண்டி வெட்டும் கொடுமையும் தவிரும்.

ஃபீடர் இன்னொரு பலகைக்குப் போய், நேர ஒருங்கிணைப்பு அடுக்கடுக்காக 0.3 வினாடி தின்றுகொண்டே வந்தால், 87எல் வைப்பதற்குத் தயங்க வேண்டாம். இரு முனைகளின் மின்னோட்டத்தை ஒப்பிடும் இந்தக் கருத்து புதியதல்ல, பொறியாளர்கள் மெர்ஸும் பிரைஸும் 1904-இல் காப்புரிமை கேட்டது இதற்குத்தான். அன்று பைலட் கம்பிகள், இன்று ஒளியிழை. கேபிளுக்கு வெளியே உள்ள எந்தப் பழுதுக்கும் இது விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதால் நேரமே தேவையில்லை.

மார்ச் 24

மிகைச்சுமைக்கு வைக்கும் வெப்ப ரிலேயான 49 பற்றி ஒரு வரி: ரிலே மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது, மண்ணைப் பார்ப்பதில்லை. ஐ.ஈ.சி. அட்டவணை 20 பாகை மண், 0.8 மீட்டர் ஆழம், 1.5 கெல்வின் மீட்டர் பெர் வாட் என்ற வெப்பத்தடைக்கு எழுதப்பட்டது. உலர்ந்த மணலில் பத்துக் கேபிள்கள் ஒட்டிப் படுத்திருந்தால் அட்டவணை எண்ணை ரிலேயில் ஏற்றுவது வெறும் சடங்கு.

மார்ச் 29

ரிலேயின் பதிவுகளை யாராவது படிக்கிறீர்களா? ட்ரிப் ஆன பிறகு மட்டும் அல்ல, ஆகாதபோதும்.

ஒரு ஃபீடரின் பதிவில், ட்ரிப் இல்லாமல், எர்த் மின்னோட்டத்தில் ஒற்றை அரைச்சுற்று மேடு மட்டும் இருந்ததைக் கண்டேன். மின்னழுத்தம் தன் உச்சத்தை எட்டிய இடத்தில் அது தொடங்கி, மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடந்ததும் தானாக அணைந்திருந்தது. பணியில் இருந்தவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். சில வாரங்களில் அதே வடிவம் மீண்டும் வந்தது, பிறகு அடிக்கடி. ஈரம் புகுந்த ஜாயிண்ட் இப்படித்தான் பேசுகிறது. நீர் தேங்கிய இடைவெளியில் வில் எழுந்து, அந்த நீரையே ஆவியாக்கி, தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. மறுபடியும் ஈரம் சேரும்வரை கேபிள் நலமாகத் தெரியும். நிறுத்தம் திட்டமிட்டு அந்த ஜாயிண்ட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே கரித்தடம் ஓடியிருந்தது. முழுப் பழுது வருவதற்கு முன் கிடைத்த அந்த அவகாசம், ரிலேயின் நினைவகத்தில் எல்லோருக்கும் இலவசமாகவே கிடக்கிறது. 50ஜி-க்கு ட்ரிப்புக்குக் கீழே, நேரமில்லாத, பதிவு மட்டும் செய்யும் இரண்டாவது நிலை ஒன்றை வையுங்கள்.

ஏப்ரல் 2

“ட்ரிப் ஆனதும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?” போடக் கூடாது. தலைக்கு மேல் ஓடும் லைனில் பறவையோ கிளையோ விழுந்து போய்விடும், அதற்கு மறுமூடல் உதவும். கேபிளில் தோற்ற திடக்காப்பு மீளாது. இரண்டாவது முறை போடும்போது ஒரு ஃபேஸ் பழுதை மூன்று ஃபேஸ் பழுதாக வளர்ப்பதும், ஸ்கிரீனை இன்னும் கொஞ்சம் எரிப்பதும், இருப்பிடம் காணும் வேலையைக் கடினமாக்குவதும்தான் நடக்கும்.

ஏப்ரல் 2, தொடர்ச்சி

பழுதுபார்த்த பிறகு எந்தச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்மின்னோட்ட உயர் அழுத்தச் சோதனையை, வயதான எக்ஸ்.எல்.பி.ஈ. கேபிளில் செய்யாதீர்கள். காப்புக்குள் தேங்கும் மின்னூட்டம் மறுபடி இயக்கும்போது நீர்மரங்கள் (ஈரத்தால் காப்புக்குள் மரக்கிளைபோல் படரும் சேதம்) உள்ள இடங்களைப் பிளக்கும். சோதனையில் தேறிய கேபிள் சில நாட்களில் தோற்பதற்கு இது ஒரு காரணம். 0.1 ஹெர்ட்ஸ் மிகத்தாழ் அலைவெண் சோதனையே சரி. புதிய கேபிளுக்கு கோர்–எர்த் மின்னழுத்தத்தின் மூன்று மடங்கு, 6.35-க்கு 19 கிலோவோல்ட், 15 நிமிடம். பழைய கேபிளுக்கு அதைவிடக் குறைவாக வையுங்கள்.

வெளி உறையை ஐ.ஈ.சி. 60229 சொல்லும்படி, தடிமன் மில்லிமீட்டருக்கு 4 கிலோவோல்ட், அதிகபட்சம் 10 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தம், ஒரு நிமிடம் சோதியுங்கள். நேர்மின்னழுத்தம் இங்கே தீங்கில்லை, இது கோரின் காப்பைத் தொடுவதில்லை. உறையில் ஓட்டை இருந்தால் நீர் புகுந்து செம்பு நாடாவை அரிக்கும்.

கடைசியாக, ஜாயிண்ட்டின் இருபுறமும் சேர்த்து ஒவ்வொரு ஸ்கிரீனின் தடையையும் முனைக்கு முனை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். மூன்று கோருக்கும் எண் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால், ஜாயிண்ட் போட்டவர் ஸ்கிரீன் இணைப்பின் சுருள்வில்லை இறுக்கவில்லை என்று பொருள். மண்ணை மூடுவதற்கு முன் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.